வேலு சொன்ன 'சார்ஜ்'

நீங்கல்லாம் இப்ப சார்ஜை வாட்ஸ்அப்புல குடுக்கிறீங்களாமே?

இங்க வர்ற வழியில கேண்டீன்ல ஒரு தம்பி பெருமையாச் சொன்னார். "குரூப்புல போட்டுட்டு பஸ் ஏறிடுவோம் சார். அடுத்த ஷிப்ட் ஆளு கட்டைவிரலைக் காட்டிட்டா முடிஞ்சுது." எனக்கு டீ தொண்டையிலேயே நின்னுடுச்சு. கட்டைவிரலா? அந்த ஆளு எந்திரிச்சானா, நீங்க போட்டதைப் படிச்சானா, படிச்சது புரிஞ்சுதா, யாருக்குத் தெரியும்? தூக்கத்துல புரண்டு படுக்கும்போது கூட கட்டைவிரல் போன்ல படுமே ஐயா.

சரி. கோபப்படக் கூடாதுன்னு வீட்ல சொல்லித்தான் அனுப்பினாங்க. மைன்ஸ் கண்ட்ரோல் ரூமுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைங்க, ரிட்டையரான பழைய ஷிப்ட் இன்சார்ஜ் நீங்க, வந்து நாலு வார்த்தை பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நாலு வேண்டாம். ஒரே ஒரு வார்த்தையைப் பத்திப் பேசிட்டுப் போயிடறேன். சார்ஜ். ஷிப்ட் மாறும்போது நாம கை மாத்திக்கிறோமே, அந்த சார்ஜ்.

மெஷின் எப்படி ஓடுது, மண்ணு கொண்டுபோற பெல்ட் எப்படி ஓடுதுன்னு சொல்ல நான் வரல. அதுல நீங்க என்னைவிடக் கெட்டி. நான் சொல்ல வந்தது வேற. ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்றான். அவன் சொன்ன அர்த்தமும் நமக்குக் கேட்ட அர்த்தமும் ஒண்ணுதானா? என் சர்வீஸ் பூரா எனக்கு இதே கவலை. புரியாதது ஒண்ணு காதுல விழுந்துட்டா அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவேன். எங்க வீட்டம்மா இதுக்கு 'நோண்டுற புத்தி'ன்னு பேர் வச்சிருக்காங்க. நான் மறுக்கிறதில்ல.

சேர்ந்த புதுசு. நான் விருதுநகர்ப் பக்கத்து ஆளு, இந்த ஊர்ப் பேச்சு பழகல. ஒரு பெல்ட்டை நிறுத்தி வச்சு வேலை நடக்குது. கீழேயிருந்து போன். இரைச்சல்ல ஒண்ணு மட்டும் கேட்டுச்சு: "பெல்ட்ட வுடுங்க சார்!" விடுன்னா என்ன? பஸ் விட்டாச்சுன்னா கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். அவனை விடுன்னா தொடாதேன்னு அர்த்தம். என் கை சுவிட்சுகிட்ட போயிடுச்சு. போனதும் ஒரு நமைச்சல். "வுடுன்னா ஓட்டச் சொல்றீங்களா, தொடாம இருக்கச் சொல்றீங்களா?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் ஆளு கடுப்பாயிட்டார். "தமிழ்தானே சார் பேசறேன்! தொடாதீங்க, ஃபிட்டர் இன்னும் உள்ள இருக்காரு!"

கண்ட்ரோல் ரூமே சிரிச்சுது, விருதுநகர்க்காரனுக்குத் தமிழ் தெரியலைன்னு. பக்கத்துல உட்கார்ந்திருந்த எங்க அப்போதைய இன்சார்ஜ் மட்டும் சிரிக்கல. என் கை எங்க இருந்துச்சுன்னு அவர் பார்த்திருந்தார். "நாளைக்கும் கேளு"ன்னார். அவர்கிட்ட நான் கத்துக்கிட்டது அந்த ரெண்டு சொல்லுதான். மத்ததெல்லாம் அவர் திட்டினது.

ஆனா சார்ஜ்ங்கிற வார்த்தையை எனக்கு முழுசாக் காட்டினவர் கோவிந்தராசு அண்ணன். பெல்ட்டை ஓட்டுற கேபின்ல ஆபரேட்டர். கம்மாபுரம் பக்கத்து ஆளு. கான்ட்ராக்டுல மண்ணு தூக்கி, பல வருஷம் கழிச்சு பெர்மனென்ட் ஆனவர். ஒரு புயல் நாள். மழை கொட்டுது, மைன்ஸுக்குள்ள தண்ணி ஏறுது. பெல்ட்டெல்லாம் நிறுத்தியாச்சு, ஆளுங்களை மேல ஏத்தி பஸ்ல அனுப்பிக்கிட்டிருக்கோம். கோவிந்தண்ணன் மட்டும் கேபினை விட்டு வரமாட்டேங்கிறாருன்னு போன். அடுத்து அவர் இடத்துல உட்கார வேண்டிய ரிலீவர் வரலையாம். ஜீப்பை எடுத்துக்கிட்டு நானே இறங்கினேன்.

"அண்ணே, ஓடாத பெல்ட்டுக்கு என்னண்ணே ரிலீவர்? வாங்க, ஏறுங்க."

"பெல்ட்டு ஓடலிங்க சார். எடம் இருக்குதில்ல? அத யாருகிட்ட குடுத்துட்டு வர்றது?"

"என்கிட்ட குடுங்க. நான் வாங்கிக்கிறேன்."

கிண்டலுக்குத்தான் சொன்னேன். மனுஷன் எந்திரிச்சு நின்னார். தலையில கட்டியிருந்த துண்டை அவுத்தார். எந்த சுவிட்சை இறக்கியிருக்கு, எந்தப் பக்கம் மண்ணு சரியுது, எந்த விளக்கு எரியல, எல்லாத்தையும் ஒண்ணொண்ணாச் சொல்லிட்டு, "சார்ஜ்"னு கையை நீட்டினார். நானும் கையைப் பிடிச்சு "சரிண்ணே, சார்ஜ்"ன்னேன். அப்பவும் நகரல.

"இன்னும் என்னண்ணே?"

"சொல்லுங்க சார்."

"என்னத்தைச் சொல்ல?"

"'நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு'ன்னு சொல்லணும் சார். அத சொன்னாத்தான் ஆளு கெளம்புவான்."

சட்டையெல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. சிரிப்பும் வருது, எரிச்சலும் வருது. "நான் பாத்துக்கிறேன், நீங்க கெளம்புங்க"ன்னேன். அவ்வளவுதான். ஓடினார் பாருங்க பஸ்ஸுக்கு! என்னையும் ஜீப்பையும் அப்படியே விட்டுட்டு, ஒரு கையால துண்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, டிரைவரைப் பார்த்துக் கத்திக்கிட்டே ஓடினார். சார்ஜ் குடுக்கிற வரைக்கும் மலை மாதிரி உட்கார்ந்திருந்த ஆளு அவர்.

இது எந்த ரூல் புத்தகத்துலயும் கிடையாது. அந்த செட்டு ஆளுங்க தங்களுக்குள்ள வச்சுக்கிட்ட பழக்கம். எனக்குப் பிடிச்சுப் போச்சு. நானும் ரிட்டையர் ஆகிற வரைக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன், வாங்கினேன்.

இப்ப அவர் மகன் கதைக்கு வர்றேன்.

பழனிவேல். வேலுன்னுதான் கூப்பிடுவோம். எங்க பிளாக்குலயே, எங்க குவார்ட்டர்ஸுக்கு எதிர் வரிசையில வளர்ந்தவன். அப்ரண்டிஸ் முடிச்சான். கம்பெனியில கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டிருக்காம ராணுவத்துல சேர்ந்துட்டான். வடக்கே பனிமலை மேல ஒரு சின்னக் காவல் நிலை, அங்க நடந்த சண்டையில செத்துப் போனான். நான் அப்ப ரிட்டையர் ஆகியிருந்தேன். பெட்டி வந்த அன்னைக்கு டவுன்ஷிப்புல ஒரு கடை திறக்கல.

அப்புறம் வீர விருது அறிவிச்சாங்க. அண்ணனும் அவர் வீட்டம்மா அஞ்சலை அக்காவும் டெல்லி போய் வாங்கினாங்க, டிவியில பார்த்தோம். அடிபட்ட ரெண்டு பேரைப் பத்திரமாக் கீழே அனுப்பிட்டு இவன் கடைசி வரைக்கும் போராடினான், இவன் வாயிலிருந்து கடைசியா வந்த வார்த்தை 'சார்ஜ்'னு வாசிச்சாங்க. பாய்ஞ்சு தாக்குன்னு ராணுவத்துல அர்த்தமாம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நானே ரெண்டு நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

குடியிருக்கிறவங்க சேர்ந்து பஸ் ஸ்டாப் பக்கத்து ரவுண்டானாவுல வேலுவுக்கு ஒரு சிலை வைக்கிறதுன்னு முடிவாச்சு. முன்னாடி நின்னவர் சிவசிதம்பரம். அக்கவுண்ட்ஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர், நல்ல மனுஷன், ஆனா பேனாவை எடுத்தா செந்தமிழ்தான் வரும். பால்காரருக்கு 'நாளை பால் வேண்டா'ன்னு சீட்டு எழுதி வைக்கிற ஆளு. சிலை விருத்தாசலத்துல தயாராச்சு. ஒரு கையால துப்பாக்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறந்து கத்திக்கிட்டு, ஒரு காலை முன்னால வச்சு ஓடுற மாதிரி. கீழே கறுப்புக் கல்லுல சிவசிதம்பரம் எழுதினது:

"'சார்ஜ்!' எனச் சிங்கமென முழங்கி, தன் காவலிடம் துறந்து, பகைவர் மேற் பாய்ந்து வீரமரணம் எய்திய எங்கள் மாவீரன்."

எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி. பெரிய ஆளு ஒருத்தர் வந்து திறந்து வைக்கிறதா ஏற்பாடு. அழைப்பிதழ் கூட அடிச்சாச்சு. அப்பத்தான் கோவிந்தண்ணன் வரமாட்டேன்னுட்டார்.

காரணம் சொல்லல. ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சாங்க. திறந்து வைக்கிறவரைப் பிடிக்கலைன்னாங்க. அழைப்பிதழ்ல அவர் பேரு சின்ன எழுத்துல இருக்குன்னாங்க. மகன் சிலையைப் பார்க்க மனசு தாங்காதுன்னாங்க. இது எதுவுமே எனக்குப் பொருந்தல. சின்ன எழுத்துக்குக் கோவிக்கிற ஆளு இல்ல அவர். டெல்லிக்கே போய் அத்தனை பேர் முன்னால கல்லு மாதிரி நின்னு பதக்கம் வாங்கினவர், ரவுண்டானாவுக்கு வர ஏன் மாட்டேங்கணும்? நோண்டுற புத்தி விடுமா? வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ணின பிறகு அவங்க மந்தாரக்குப்பத்துல ஒரு சின்ன வீட்ல இருக்காங்க. அண்ணன் வெளியில கட்டில்ல உட்கார்ந்து அழைப்பிதழைப் பார்த்துக்கிட்டிருந்தார். பின்னால அட்டையில அந்தக் கல்வெட்டு வாசகத்தையும் சிவசிதம்பரம் அச்சடிச்சிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறன். தொறந்துன்னா என்னா?"

"துறந்துண்ணே. விட்டுட்டுன்னு அர்த்தம்."

"அப்ப நான் படிச்சது சரிதான். எடத்த வுட்டுட்டு ஓடினான்னு எழுதி வச்சிருக்கீங்க. செலையும் ஓடுது."

"ஐயோ அண்ணே, அது பாராட்டு. உயிரைப் பொருட்படுத்தாம எதிரியை நோக்கி..."

"யார நோக்கி ஓடினா என்னா சார்? பின்னால அடிபட்டவன் ரெண்டு பேரு கெடக்கறான். எடத்த யாருகிட்ட குடுத்துட்டு ஓடினான்? நான் சர்வீஸ்ல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ரிலீவர் வராம எடத்த வுட்டு எழுந்துருப்பனா? நீங்களே சொல்லுங்க. எம்புள்ள வுட்டுட்டு ஓடினவன்னு கல்லுல வெட்டி, ஷிப்ட் பஸ்ஸு நிக்கற எடத்துல வச்சிருக்கீங்க. எங்க ஆளுங்கதான் சார் அத தெனம் படிச்சுகினு பஸ்ஸு ஏறுவாங்க."

அவர் கத்தல. அதுதான் எனக்குத் தாங்கல. டெல்லியில அந்த வார்த்தையை வாசிச்ச நாள்லேந்து மனுஷன் இதை உள்ளயே வச்சுக்கிட்டிருந்திருக்கார். ஊரே மாவீரன்னு கொண்டாடுது, பெத்தவர் மட்டும் மகன் சார்ஜ் குடுக்காம ஓடிட்டானேன்னு கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கார். "விசாரிச்சுட்டு வர்றேண்ணே"ன்னு மட்டும் சொன்னேன்.

யார்கிட்ட விசாரிக்கிறது? விழாவுக்கு வேலுவோட கூட இருந்தவர் ஒருத்தர் வர்றதா இருந்தார். தீவான் சிங், வடக்கே மலைப் பக்கத்து ஆளு. அடிபட்டவங்களைக் கீழே கொண்டு சேர்த்ததுல இவரும் ஒருத்தர். நான் கொஞ்ச காலம் ராஜஸ்தான் பக்கம் வேலை பார்த்ததால ஹிந்தி பேசுவேன். அதனால அவரைக் கூட்டிக்கிட்டு வர்ற பொறுப்பு என் தலையில விழுந்தது. விழாவுக்கு முதல் நாள் காலையில விருத்தாசலம் ஸ்டேஷன்ல போய் நின்னேன். ஒல்லியா, கூச்ச சுபாவமா ஒரு மனுஷன் இறங்கினார்.

கார்ல ஏறி ஊர் தாண்டுற வரைக்கும்தான் பொறுத்தேன். "தம்பி, அடிபட்டவங்களைக் கீழே விட்டுட்டு நீங்க திரும்பி மேல போனப்ப வேலு எந்த இடத்துல இருந்தான்?"னு கேட்டுட்டேன்.

அவர் முகம் மாறிப் போச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிட்டார். "இதை ஏன் கேக்கறீங்க?"ன்னார்.

"அவங்க அப்பா கேக்கறார்."

அதைக் கேட்டதும் அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சா? நான் யார்கிட்டயும் சொல்லலையே. அவன் பாயல சார். பாயறேன்னு சொன்னான், ஆனா பாயல. உட்கார்ந்த இடத்துலயேதான் இருந்தான். பத்திரிகைக்காரங்க, ஊர்க்காரங்க எல்லாரும் பாய்ஞ்சான்னு பேசினப்ப நான் மறுக்கல. சிநேகிதன் பேரு கெட்டுப் போகக் கூடாதுல்ல."

இங்க அப்பன், மகன் இடத்தை விட்டு ஓடிட்டானேன்னு வெட்கப்படறார். அங்க சிநேகிதன், அவன் இடத்தை விட்டு நகரலையேன்னு வெட்கப்படறார். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே ஒரு வார்த்தை. நான் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. காரை நேரா மந்தாரக்குப்பத்துக்கு விடச் சொன்னேன்.

அஞ்சலை அக்கா தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. தீவான் சிங் ரெண்டு பேர் காலையும் தொட்டுக் கும்பிட்டார். அக்கா அவரையே பார்த்துக்கிட்டிருந்துட்டு என்கிட்ட கேட்டாங்க: "எம்புள்ள இந்தி நல்லா பேசுவானான்னு கேளு சார். போன்ல பெருசா பீத்திக்குவான்."

நான் கேட்டதும் தீவான் சிங் சிரிச்சுட்டார். வேலுவோட ஹிந்தி அவங்க ஆளுங்க மத்தியில பிரசித்தமாம். பாதி தமிழு, பாதி இங்கிலீஷு, மீதிக்குக் கையி. அவசரம்னா ஹிந்தி சுத்தமா வராதாம். "அப்பவே நெனைச்சன்"னு அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. சிரிச்சாங்களா அழுதாங்களான்னு தெரியல.

கோவிந்தண்ணன் இதுல எதுலயும் சேரல. "மொதல்லேந்து சொல்லச் சொல்லுங்க சார். ஒண்ணு வுடாம."

தீவான் சிங் சொல்லச் சொல்ல நான் தமிழ்ல சொன்னேன். மத்தியான நேரம். மேகம் இறங்கி எதுவும் தெரியல. மேல இருந்தது அஞ்சு பேர், அதுல ரெண்டு பேருக்கு பலத்த அடி. கீழே வந்துடுங்கன்னு உத்தரவு வந்துடுச்சு. அடிபட்டவங்களைத் தூக்க ரெண்டு பேர் வேணும். அவங்க இறங்கிப் போற வரைக்கும் எதிரி மேல ஏறாம ஒருத்தன் உட்கார்ந்து சுடணும். நான் இருக்கேன்னு வேலு சொல்லிட்டான். யாரும் அவனை இருக்கச் சொல்லல.

"பெறகு?"

"பிறகு, பாபுஜி," அண்ணனைத்தான் அப்பான்னு அப்படிக் கூப்பிட்டார், "வேலு என்னைக் கூப்பிட்டான். யாருக்கு எங்க அடி, யாரை முதல்ல தூக்கணும், எந்தப் பாறைப் பக்கம் போகக் கூடாது, எங்க பனி வழுக்கும், எல்லாத்தையும் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். சொல்லி முடிச்சுட்டு கையை நீட்டி 'சார்ஜ்'ன்னான். 'பைத்தியமா உனக்கு, தனியா எங்க பாயப் போற?'ன்னு கத்தினேன். அவன் இல்ல இல்லன்னு தலையை ஆட்டினான். மறுபடி 'சார்ஜ்'. கோபமாச் சொன்னான். கையை எடுக்கவே மாட்டேங்கிறான். எனக்கு வேற வழி தெரியல. அவன் கையைப் பிடிச்சு, 'சரி, சார்ஜ்'ன்னேன்."

நான் தமிழ்ல சொல்லி முடிக்கிறதுக்குள்ள கோவிந்தண்ணன் கட்டிலை விட்டு எந்திரிச்சுட்டார்.

"சார்ஜ் குடுத்துருக்கான் சார்! எம்புள்ள சார்ஜ் குடுத்துருக்கான்!"

"கைய நீட்டினானாமே!"ன்னாங்க அக்கா. "கடைக்கு அனுப்பறப்ப பையக் குடுத்தாக் கூட அப்படித்தான சார் நிப்பான். அப்பனப் பாத்துப் பாத்து வெளயாடுவான்."

தீவான் சிங்குக்கு ஒண்ணும் புரியல. என்னைப் பார்த்து முழிச்சார். நான் ஹிந்தியில மெதுவா விளக்கினேன். எங்க ஊர்ல சார்ஜுன்னா பாயறது இல்ல தம்பி. என் பொறுப்புல இருந்ததை உன் பொறுப்புல விடறேன், வாங்கிக்கோன்னு அர்த்தம். அவன் உங்ககிட்ட பாயப் போறேன்னு சொல்லல. அந்த ரெண்டு பேரை உங்ககிட்ட ஒப்படைச்சான். அதை வாங்கிக்கிட்டேன்னு நீங்க சொல்ற வரைக்கும் கையை எடுக்கல.

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அழுதார். பெரிய மனுஷன் ஒருத்தன் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்ல. கோவிந்தண்ணன் அவர் முன்னால போய் உட்கார்ந்தார். ஷிப்ட்ல கேக்கிற மாதிரியே கேட்டார்: "ரெண்டு பேரையும் கொண்டாந்து சேத்தியா?"

"சேர்த்தேன் பாபுஜி. ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க."

"அப்ப சரி. நல்லா வாங்கிகினடா சார்ஜ்."

இத்தோட முடிஞ்சிருந்தா எனக்கு நிம்மதி. ஆனா தீவான் சிங் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இன்னொண்ணு சொன்னார். "ஒரு விஷயம் மட்டும் இன்னும் புரியல. நான் சார்ஜுன்னு சொன்ன பிறகு அவன் சிரிச்சான். ஆனா என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தான். நான் இன்னும் ஏதோ சொல்லணும்ங்கிற மாதிரி. அவன் எதுக்குக் காத்துக்கிட்டிருந்தான்?"

பிள்ளைகளா, கண்ட்ரோல் ரூமுல எத்தனையோ நெருக்கடி பார்த்திருக்கேன். இந்தக் கேள்விக்கு முன்னால அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. பதில் எனக்குத் தெரியும். மழையில நனைஞ்சுக்கிட்டு நானே சொன்ன பதில். ஆனா இந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? 'நீ கெளம்பு'ன்னு ஒரு வார்த்தை நீ சொல்லணும்னு அவன் காத்திருந்தான், நீ சொல்லாமப் போயிட்டன்னா? சொன்னாலும் அவன் கிளம்பியிருக்கப் போறதில்ல, அது எனக்குத் தெரியும். இவருக்கு அது புரியுமா? இத்தனை நாள் தூக்கிச் சுமந்த பாரம் இப்பத்தான் இறங்கிச்சு. மறுபடி ஒண்ணைத் தூக்கி வைக்கவா? தெரியலைன்னு ஒரு பொய் சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லது. வாய் வரைக்கும் வந்துடுச்சு.

தீவான் சிங் கேட்டதை நான் இன்னும் தமிழ்ல சொல்லவே இல்ல. ஆனா கோவிந்தண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிஞ்சு போச்சு.

"மீதியச் சொல்லல, அதானே சார்?"

"ஆமாண்ணே."

"அவருக்கு எப்படித் தெரியும்? பாவம். சொல்லுங்க சார். மறைக்காதீங்க. நாளைக்கு வந்து அவன்கிட்ட சொல்லட்டும்."

"நாளைக்கா? அப்ப நீங்க வர்றீங்களா?"

"கல்ல எடுத்தா வர்றன்."

தீவான் சிங்குக்கு அந்த வாசகத்தைச் சொன்னேன், அர்த்தத்தோட. இடத்தை விட்டுட்டுப் போகச் சொல்றது இல்ல இது, உன் பாரம் இனி என்னுதுன்னு சொல்றதுன்னு விளக்கினேன். அதைத் தமிழ்ல எப்படிச் சொல்லணும்னு அவர் கேட்டார். அக்கா பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாச் சொல்லிக் குடுத்தாங்க.

நான் நேரா சிவசிதம்பரம் வீட்டுக்குப் போனேன். மறுநாள் விழா. மேடை போட்டாச்சு, கல்லைப் பீடத்துல பதிச்சுத் திரை மூடியாச்சு. கல்லை எடுக்கணும்னேன். மனுஷன் ஆடிப் போயிட்டார்.

"விளையாடறீங்களா? 'துறந்து'ங்கிற சொல்லுக்காக நான் எவ்வளவு யோசிச்சிருப்பேன் தெரியுமா? நாளைக்கு மொட்டைப் பீடத்தையா திறந்து வைப்பாங்க?"

"மொட்டைப் பீடமா இருந்தாலும் பரவாயில்ல ஐயா. அந்தக் கல்லு இருந்தா பெத்தவர் வரமாட்டார். அவர் வராத சிலை நமக்கு எதுக்கு?"

"வந்தவங்க கேட்டா என்ன சொல்றது?"

"நான் பதில் சொல்றேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க."

எல்லாத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். மறுபடி போட்டுக்கிட்டார். அவரே கொத்தனாருக்குப் போன் போட்டார். கல்லைப் பெயர்த்துத் திருப்பி வச்சு, பூசினாங்க. குவார்ட்டர்ஸ் சுவத்துல பிளாக் நம்பர் எழுதுற பெயிண்டரைக் கூட்டிக்கிட்டு வந்தோம். பேரு மட்டும் போதும்னேன். ஒரே ஒரு வரி எழுத விடுங்கன்னு சிவசிதம்பரம் கெஞ்சினார். என்ன எழுதுவாரோன்னு பயந்துக்கிட்டேதான் சரின்னேன். பழனிவேல்ங்கிற பேருக்குக் கீழே அவர் எழுத வச்சது ரெண்டே சொல்லு: 'சார்ஜ் கொடுத்தவர்.' அந்த மனுஷன் வாழ்க்கையில எழுதின ஒரே சாதாரணத் தமிழ் அதுதான்னு நினைக்கிறேன். சிலையை மட்டும் ஒண்ணும் பண்ண முடியல. அது ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. அண்ணன் என்ன சொல்லுவாரோன்னு எனக்குக் கவலை.

அதனாலதான் சொல்றேன், கட்டைவிரலைக் காட்டாதீங்க. நேருக்கு நேர் நின்னு சொல்லுங்க. புரியலைன்னா கேளுங்க, சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். வாங்கிக்கிட்டா, வாங்கிக்கிட்டேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. அந்த மீதி வாசகத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. அதுக்காக ஒருத்தன் உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நிப்பான்.

விழா சாயங்காலம். கோவிந்தண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்தார், பதக்கத்தை அக்கா கையில பிடிச்சிருந்தாங்க. திரையை விலக்கினாங்க, கை தட்டினாங்க, பெரியவங்க பேசினாங்க. அந்த ரெண்டு சொல்லைப் பார்த்து வெளியூர் ஆளுங்க நெத்தியைச் சுருக்கினாங்க. மைன்ஸ் ஆளுங்க யாரும் சுருக்கல. கூட்டம் கலைஞ்ச பிறகு நாங்க நாலு பேரு மட்டும் நின்னோம்.

தீவான் சிங் சிலைக்கு முன்னால போய் விறைப்பா நின்னு சல்யூட் வச்சார். அப்புறம் வேலுவோட சிமெண்ட் கையைத் தொட்டார். ஒவ்வொரு சொல்லா, தடுமாறித் தடுமாறிச் சொன்னார்.

"நான்... பாத்துக்கறேன். நீ... கெளம்பு."

அஞ்சலை அக்கா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. கோவிந்தண்ணன் அண்ணாந்து மகனைப் பார்த்தார். தூக்கின கை, திறந்த வாய், முன்னால வச்ச காலு, எல்லாத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் பஸ் ரவுண்டானாவைச் சுத்தி வந்து ஸ்டாப்புல நின்னுச்சு. எனக்குத் தர்மசங்கடமாப் போச்சு.

"சிலையைத்தான் மாத்த முடியலண்ணே. அப்படியே ஓடுது"ன்னேன்.

"ஓடட்டும் சார்"ன்னார். "சார்ஜ் குடுத்தவன் ஓடலாம். பஸ்ஸு நிக்குதில்ல."